பொத்தானை அழுத்தினால் குயில் கூவுமா?

சினிமாவுக்கு விமரிசனம் எழுதுகிறார்கள். நாவலுக்கு எழுதுகிறார்கள். ஓட்டல் சாம்பாருக்குக் கூட இப்போது எழுதுகிறார்கள். ஆனால் ஒரு பூங்காவுக்கு விமரிசனம் எழுதி நீங்கள் படித்ததுண்டா? பூங்கா இலவசமாகக் கிடைப்பது, இலவசமாகக் கிடைப்பதைக் குறை சொல்லலாகாது என்று நமக்குள் ஓர் எண்ணம் இருக்கிறது. உண்மையில் அது இலவசமன்று. நம் வரிப்பணம்தான் அங்கே சிமெண்டாகவும் கம்பியாகவும் நிற்கிறது. அதிலும் குழந்தைகளுக்கான பூங்கா என்றால், அதை அனுபவிக்கிறவர்களுக்கு விமரிசனம் எழுதத் தெரியாது. பிடித்தால் இருப்பார்கள், பிடிக்காவிட்டால் "வீட்டுக்குப் போகலாம்" என்பார்கள். அந்த ஒரு வரி விமரிசனத்தைக் கொஞ்சம் விரித்து எழுதலாமே என்றுதான் இதைத் தொடங்கினேன்.

அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பூங்கா. பெயர் வேண்டாம். அதைப் போலப் பல இருப்பதால் பெயர் தேவையுமில்லை. வாசலில் "இயற்கை விளையாட்டுத் தோட்டம்" என்ற பலகை. குழந்தைகள் வெறுமனே வேடிக்கை பார்க்காமல், தொட்டும் இயக்கியும் இயற்கையோடு பழகலாம் என்று அதன் கீழே ஒரு விளக்கம். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்குப் போனேன்.

உள்ளே என்ன இருந்தது? கண்ணாடி இழையில் செய்த ஆளுயரக் காளான்கள் ஐந்து. சிமெண்டில் செய்து, பட்டை போலவே வர்ணம் பூசிய மரத்துண்டுகள். தரை முழுவதும் பச்சை நிற ரப்பர் விரிப்பு. ஓர் ஓரத்தில் உண்மையான புல். அதைச் சுற்றிக் கம்பி வேலி. வேலியில் "புல்லின் மேல் நடக்காதீர்" என்ற அறிவிப்பு. நடுவில் பறவைப் படங்கள் உள்ள பெரிய பலகை. படத்தின் கீழே உள்ள பொத்தானை அழுத்தினால் அந்தப் பறவையின் குரல் கேட்கும். ஆறு பொத்தான்களில் நான்கு வேலை செய்தன.

பேத்தி குயில் பொத்தானை அழுத்தினாள். குயில் கூவியது. இரண்டாம் முறை அழுத்தினாள். அதே கூவல். மூன்றாம் முறையும் அதேதான். பிறகு மயிலையும் கிளியையும் ஒவ்வொரு முறை அழுத்திவிட்டு, "அடுத்து என்ன தாத்தா?" என்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாங்கள் உள்ளே வந்து பதினோரு நிமிடங்கள் ஆகியிருந்தன.

ஆனால் நாங்கள் வீடு திரும்பியபோது மணி ஆறு. மீதி நேரத்தை அவள் எங்கே செலவழித்தாள் என்பதுதான் விஷயம்.

சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு புங்கமரம். அதன் அடியில், கட்டட வேலை முடிந்து மீந்துபோன மணல் கொஞ்சம் கிடந்தது. அள்ளிக்கொண்டு போக மறந்துவிட்டார்கள் போலும். சுவரின் மேல் விளிம்பு சற்று வெளியே நீண்டிருந்ததால் மழை படாத இடம்; மணல் மாவு போல உலர்ந்திருந்தது. அதில் புனலைக் கவிழ்த்து அழுத்தி எடுத்தது போன்ற சிறு குழிகள், முப்பதுக்குக் குறையாமல். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும்: குழியானை! பேத்தி அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஓர் எறும்பு ஒரு குழியின் விளிம்பில் கால் வைத்து வழுக்கியது. ஏற முயன்றது. அடியிலிருந்து 'பொசுக்' என்று மணல் எகிறியது. எறும்பு மறுபடியும் சரிந்தது. "தாத்தா! உள்ளே யாரோ இருக்காங்க!"

குழியானை என்பது ஒரு பூச்சியின் இளம்பருவம், அதாவது புழுப்பருவம். வளர்ந்தபின் அது தும்பி போன்ற மெல்லிய சிறகுள்ள பூச்சியாகப் பறந்துவிடும். புழுவாக இருக்கும்போது பின்பக்கமாகவே நகர்ந்து, வட்டம் வட்டமாகச் சுற்றி, தட்டையான தலையால் மணலை வெளியே எறிந்து குழி தோண்டுகிறது. இங்கே ஒரு பௌதிகப் பாடம் ஒளிந்திருக்கிறது. உலர்ந்த மணலைக் குவித்தால் குவியலின் சரிவு ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காது. சுமார் 30 முதல் 35 டிகிரி வரை நிற்கும், அதற்கு மேல் போனால் சரியும். குழியானை தன் குழியின் சுவரை ஏறத்தாழ இந்த எல்லைக் கோணத்திலேயே வைத்திருக்கிறது. ஆகவே எறும்பின் சிறு எடை பட்டாலும் சுவர் சரிகிறது. போதாததற்கு அடியிலிருந்து மணலை வாரி இறைத்து, சரிவை அதுவே தூண்டியும் விடுகிறது. கணிதம் படிக்காத ஒரு புழு, கோணமானி இல்லாமல் இதைச் செய்கிறது!

நீங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு காகிதத்தில் உலர்ந்த மணலை மெதுவாகக் கொட்டிக் கூம்பாக்குங்கள். பக்கவாட்டில் கோணமானியை வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் கொட்டுங்கள். கூம்பு பெரிதாகும்; கோணம் மாறாது. பிறகு அதே மணலில் சிறிது நீர் தெளித்துச் செய்யுங்கள். செங்குத்தாகவே சுவர் எழுப்ப முடியும். மணல்துகள்களுக்கு இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசைதான் அவற்றைப் பிடித்து வைக்கிறது. நீரை அதிகமாக ஊற்றினால் கூழாகி மறுபடியும் சரிந்துவிடும். பேத்தி இதில் பாதியைத் தானாகவே கண்டுபிடித்தாள். கையோடு கொண்டுபோயிருந்த தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்து, குழிகளுக்குப் பக்கத்தில் ஒரு மதில் கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது.

"பாப்பா, மண்ணை நோண்டாதே. சார், நீங்களாவது சொல்லுங்க சார்."

"நோண்டக் கூடாது என்று பலகை ஒன்றும் இல்லையே அய்யா?"

"போர்டு இல்லைதான் சார். சூப்பர்வைசர் வந்து பார்த்தா என்னைத்தானே கேப்பாரு?"

அவர்மீது எனக்குக் கோபமில்லை. பூங்கா கெடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கெடாமல் இருக்க வேண்டுமானால் யாரும் எதையும் தொடாமல் இருக்க வேண்டும். தொட்டுப் பழகுவதற்கென்று கட்டிய இடத்தில், தொடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்! வாசல் பலகையும் இந்த ஏற்பாடும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்பது கட்டியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

'தொட்டு இயக்கும்' காட்சிகள் விஞ்ஞான உலகத்தில் எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். 1969-இல் பிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற பௌதிக அறிஞர் (அணுகுண்டுத் திட்டத்தில் பேர்பெற்ற ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி) சான்பிரான்சிஸ்கோவில் 'எக்ஸ்புளோரடோரியம்' என்ற காட்சியகத்தைத் திறந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளை எட்ட நின்று பார்ப்பதற்குப் பதிலாக, வந்தவர்களே கருவிகளைத் திருகியும் ஆட்டியும் பார்க்கட்டும் என்பது அவர் கருத்து. திருகும் அளவை மாற்றினால் விளைவும் மாற வேண்டும். அதுதான் அங்கே முக்கியம். நம் ஊர் வரை வந்து சேர்வதற்குள் அந்தக் கருத்திலிருந்து பொத்தான் மட்டும் தப்பி வந்திருக்கிறது. பொத்தானை மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் அதே குயில்தான். அதைக் கேள்வி கேட்பது என்று சொல்ல முடியாது. மின்விசிறியைப் போடுவது போலத்தான்.

இதற்கு ஒரு செடியை ஒப்பிட்டுப் பாருங்கள். தொட்டாற்சுருங்கியை மெதுவாகத் தடவினால் இரண்டொரு சிற்றிலைகள் மூடும். ஓங்கித் தட்டினால் இலைக்காம்பே தொங்கிவிடும். காம்பின் அடியில் பருத்த மூட்டு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கத்து உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற, நீரும் பின்னோடு வெளியேறுகிறது; காற்றுப்போன டியூப் போல அந்தப் பக்கம் தளர்கிறது; இலை மடிகிறது. இந்தச் செடியின் மின் துடிப்புகளை ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் வருடக்கணக்கில் ஆராய்ந்தார் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். மடிந்த இலை மறுபடி விரியச் சில நிமிடங்களாகும். குழந்தை காத்திருக்க வேண்டும். தொட்டியோடு திரும்பத் திரும்பக் கீழே விழச் செய்தால், சில தடவைகளுக்குப் பிறகு செடி மூடுவதையே நிறுத்திக்கொள்கிறது என்று 2014-இல் ஒரு சோதனை வெளியாயிற்று. அது நினைவாற்றலா, வேறு ஏதாவதா என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்: பொத்தானுக்கு அலுப்பே கிடையாது, செடிக்கு உண்டு. எதிரே இருப்பது உயிர் என்று குழந்தைக்குத் தெரிவது அந்த இடத்தில்தான்.

சாலையோரங்களில் ஊதாப்பூப் பூத்து நிற்கும் பட்டாசுக்காய்ச் செடி நினைவிருக்கிறதா? காய்ந்த காயை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எப்போது வெடிக்கும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருப்போமே, அதுதான். அதன் நெருங்கிய உறவான ஒரு செடியின் விதைகள் நொடிக்கு 1,600-க்கு மேற்பட்ட சுற்றுகள் சுழன்றுகொண்டு, ஏழு மீட்டர் தூரம் வரை போகின்றன என்று அதிவேகக் காமிராவில் படம் பிடித்து 2018-இல் வெளியிட்டார்கள். அந்தச் சுழற்சிதான் விதையைத் தள்ளாடாமல் நேரே கொண்டுபோகிறதாம். பூங்கா அமைக்கிறவர்கள் இந்தச் செடியைக் களை என்று பிடுங்கிப் போடுகிறார்கள். விலை கொடுத்து வாங்காத பொருளுக்கு மதிப்பேது?

மழலையர் வகுப்புகளை 'எல்.கே.ஜி.', 'யு.கே.ஜி.' என்கிறோம். அதிலுள்ள 'ஜி' என்ன? ஜெர்மன் மொழியில் 'கார்ட்டன்', அதாவது தோட்டம். 1837-இல் ஜெர்மனியில் குழந்தைகளுக்கான பள்ளி தொடங்கிய ஃபிரடெரிக் ஃப்ரோபெல், 1840-இல் அதற்குக் 'குழந்தைகள் தோட்டம்' என்று பெயரிட்டார். அவர் அதைச் சும்மா அலங்காரமாகச் சொல்லவில்லை. குழந்தைகள் பயிரிட உண்மையாகவே பாத்திகள் வேண்டும் என்றார். நம் நாட்டில் 'ஜி'யைப் பெயர்ப்பலகையில் வைத்துக்கொண்டு பாத்திகளைச் சிமெண்டு போட்டு மூடிவிட்டோம்.

அடுத்த நூற்றாண்டில் டென்மார்க்கில் சோரன்சன் என்ற தோட்டக் கலைஞர் இன்னொன்றைக் கவனித்தார். தாம் அழகாக அமைத்துக் கொடுத்த விளையாட்டிடங்களை விட்டுவிட்டு, குழந்தைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களில் பலகையும் செங்கல்லும் அடுக்கி விளையாடின. நம்மில் பலர் அவர் இடத்தில் இருந்திருந்தால் குழந்தைகளைக் கண்டித்திருப்போம். அவரோ தம் தொழிலைச் சந்தேகித்தார். 1943-இல், நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, கோபன்ஹேகன் அருகே எம்ட்ரூப் என்ற இடத்தில் பலகைகள், மண், கயிறு, பழைய சாமான்கள் கொண்ட ஒரு திடல் திறக்கப்பட்டது. பார்வைக்கு அது குப்பைமேடு. போருக்குப் பின் அதைப் பார்த்துப்போன ஆலன் சீமாட்டி, இங்கிலாந்தில் குண்டு விழுந்து பாழான மனைகளில் அதே போன்ற திடல்கள் உண்டாகக் காரணமானார். 1971-இல் சைமன் நிக்கல்சன் என்ற கலைஞர் இதற்கு ஒரு கொள்கையே எழுதினார். ஓரிடத்தில் நகர்த்தவும் மாற்றவும் கூடிய உதிரிப் பொருள்கள் எவ்வளவு அதிகமோ, அங்கே புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம் என்பது அதன் சாரம். நான் பார்த்த பூங்காவில் நகர்த்தக்கூடிய பொருள் என்று இருந்தது, மறந்துவிட்டுப் போன அந்த மணல் ஒன்றுதான்.

இதெல்லாம் கலைஞர்களின் கருத்து, விஞ்ஞான ஆதாரம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். இரண்டை மட்டும் சொல்கிறேன். சீனாவில் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூடுதலாக வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை உண்டானவர்கள் அந்தப் பிரிவில் நூற்றுக்கு 30.4 பேர், மற்றதில் 39.5 பேர். இது 2015-இல் வெளியானது. பின்லாந்தில் சில குழந்தைக் காப்பகங்களின் சரளைக்கல் முற்றத்தில் காட்டுத் தரையையும் புற்கரணையையும் கொண்டுவந்து பதித்து, மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை 28 நாள் அதில் விளையாட விட்டார்கள். அவர்களுடைய தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை பெருகியது. இரத்தத்தில் நோய்த்தடுப்பு ஆற்றலைச் சீர்ப்படுத்தும் அறிகுறிகளும் கூடின. 2020-இல் வெளியான இந்த ஆராய்ச்சியில் இருந்தவர்கள் 75 குழந்தைகள்தான். ஆகவே மண்ணில் விளையாடினால் நோயே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது முதற்படி, அவ்வளவே.

மண்ணின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது விமரிசனமாகாது. பூங்காவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாயார், "நாய் அசிங்கம் பண்ற மண்ணுங்க, அதிலே எப்படிங்க விடறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாயும் பூனையும் புழங்கும் மணலில் அவற்றின் குடற்புழு முட்டைகள் இருக்கும். வெறுங்காலோடு அசுத்தமான ஈரமண்ணில் நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியாகவே நுழையும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றுக்குப் பதில் ரப்பர் விரிப்பு அன்று. இரவில் மணல்குழிக்கு ஒரு மூடி, அவ்வப்போது கிளறி வெயில் காட்டுதல், விளையாடிய நீரை அன்றே வடித்துவிடுதல், வாசலில் கை கழுவக் குழாயும் சோப்பும், வருடத்தில் பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்ளுதல், இவ்வளவுதான். செலவு குறைவு, ஆனால் தினமும் ஓர் ஆள் செய்ய வேண்டும். ரப்பர் விரிப்புக்குச் செலவு அதிகம். போட்டபின் ஆள் தேவையில்லை. ஏன் ரப்பர் ஜெயிக்கிறது என்பது இப்போது புரிகிறதல்லவா? சித்திரை வெயிலில் நண்பகலில் அதன்மேல் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் இன்னொரு குணமும் தெரிந்திருக்கும்.

சென்னையின் மேற்குப் புறத்தில் வளரும் குழந்தைகளுக்கு இதெல்லாம் எட்டாத கனி அன்று. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தொழிற்பேட்டைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே ஏரிகள் இருக்கின்றன. பூவிருந்தவல்லிக்குப் பூந்தோட்டத்தின் பெயரே வாய்த்திருக்கிறது. அங்கே பிறந்த திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் வைத்துக் காஞ்சிக்கு மலர் கொண்டுபோனார் என்பது வழிவழி வந்த செய்தி. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி சுமார் 87 ஏக்கர். கூவம் நதிச் சீரமைப்பின் ஒரு பகுதியாக ஏறத்தாழ 28 கோடி ரூபாய் செலவில் அதைச் சீர்செய்து, கரையைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் அளவுக்கு நடைபாதை அமைத்து, 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். ஓர் ஏரியைத் தூர்த்து மனையாக்காமல் ஏரியாகவே வைத்துக்கொள்ளச் செலவழித்த பணம் நல்ல பணம். பேத்தியோடு அங்கே நடந்தபோது, முங்கிய நீர்க்காகம் எங்கே எழும் என்று இருவரும் பந்தயம் கட்டினோம். நான்தான் தோற்றேன். ஆனால் ஆழமான ஏரியைக் குழந்தை பார்க்கலாமேயொழியத் தொட முடியாது. தொட விடவும் கூடாது. ஏரியைத் தொட்டுப் பழக, குழந்தையின் அளவுக்கு ஓர் ஏரி வேண்டும்.

அந்த ஏரியை நான் எங்கள் தெருவிலேயே பார்த்தேன். சென்ற ஐப்பசியில் குழாய் பதிப்பதற்காகத் தோண்டிய மண் தெருவோரம் குவிந்திருந்தது. ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் பேத்தியும் அடுத்த வீட்டுப் பையன்கள் இருவரும் அந்த மண்ணில் வரிசையாக மூன்று குழி தோண்டினார்கள். மேட்டுக் குழியில் வாளித் தண்ணீரை ஊற்ற, அது நிரம்பி வழிந்து இரண்டாவதற்கு வர வேண்டும், அங்கிருந்து மூன்றாவதற்கு. முதல் தடவை ஊற்றியதும் கரை அரித்துக்கொண்டு உடைந்தது. பெரியவன் கரையை உயர்த்தினான், மறுபடியும் உடைந்தது. பேத்தி கரைக்கடியில் ஒரு பப்பாளித் தண்டைச் செருகினாள்; தண்ணீர் ஒழுங்காகப் போயிற்று, ஆனால் வேகம் போதவில்லை, மேலே வழிந்து கரை மூன்றாம் முறையும் போயிற்று. கடைக்குட்டிக்கு ஐந்து வயது. அவன் எங்கிருந்தோ ஓர் உடைந்த ஓட்டுச்சில்லைக் கொண்டுவந்து, கரையின் ஓரிடத்தைத் தாழ்த்தி, அங்கே பதித்தான். தண்ணீர் ஓட்டின் மேல் வழிந்து இறங்கியது. கரை நின்றது!

அவர்களுக்குத் தெரியாமலேயே அவர்கள் செருகிய தண்டு மதகு. பதித்த ஓடு கலங்கல். நம் முன்னோர் ஏரிகளைக் கட்டியது இதே முறையில்தான். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கு. அந்த மூன்று குழிகளும் அதே சங்கிலிதான். நான் அதைச் சொன்னபோது பெரியவன், "அப்படின்னா நடுவிலே வீடு கட்டிட்டா?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் இரண்டாவது குழிக்கும் மூன்றாவதற்கும் நடுவே ஒரு செங்கல்லை வைத்துத் தண்ணீரை ஊற்றினான். 2015 வெள்ளத்தின்போது அவன் பிறந்திருக்கவில்லை. தண்ணீர் செங்கல்லைச் சுற்றிக்கொண்டு எங்கே போயிற்று என்பதை மூவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் நகரங்களின் குளங்களைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கவலைப்பட்டார். பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து நாட்டு உயிரியல் அறிஞர். நகரமைப்பு நிபுணரும் கூட. 1914-இல் தம் நகரமைப்புக் கண்காட்சியைச் சென்னைக்குக் கப்பலில் அனுப்பினார். அந்தக் கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது! சளைக்காமல் புதிதாகப் படங்கள் சேகரித்து 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டார் மனிதர். கொசுவுக்குப் பயந்து குளங்களைத் தூர்ப்பதை அவர் தம் இந்திய அறிக்கைகளில் எதிர்த்தார். மீனும் வாத்தும் விடுங்கள், கொசுவை அவை பார்த்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். கொசுவுக்காக மண்ணையே மூடுகிறவர்களைக் கண்டால் என்ன சொல்லியிருப்பாரோ!

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் உண்டு. எங்கள் நகரில் பொதுவுக்கென்று விட்ட மனை ஒன்று புதர் மண்டிக் கிடக்கிறது. அதில் சிறுவர் பூங்கா வரப்போகிறது, உங்கள் யோசனையைச் சொல்லுங்கள் என்று குடியிருப்போர் நலச் சங்கத்துக்குத் தகவல் வந்தது. கூடவே சாமான் விற்பவரின் வர்ணப்பட விலைப்பட்டியல். காளான் உண்டு, பேசும் மரம் உண்டு, பொத்தான் வைத்த பறவைப் பலகையும் உண்டு.

நானும் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போனேன். சிறு கை அடிக்கும் உயரத்தில் ஒரு கைப்பம்பு. அதிலிருந்து மண்ணில் ஓடும் ஒரு வாய்க்கால், கடைசியில் வாழைப் பாத்தி. மூடியுள்ள மணல்குழி. சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்காக மேசை உயரத்தில் இன்னொரு மணல்தொட்டி. காற்றில் விழுந்த மரங்களின் தண்டுகள், தென்னை மட்டை, மூங்கில் துண்டுகள். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதப் பூவரசு, ஏறி விளையாட ஒரு மரம். கறிவேப்பிலையும் எலுமிச்சையும், அவற்றின் இலையைத் தின்னும் புழுக்கள் கறுப்பு மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளாவதைப் பார்க்கலாம். வேலி ஓரத்தில் ஓர் எருக்கு. கடைசியாக, யாரும் ஒன்றும் செய்யாமல் விட்டுவைக்க வேண்டிய நாலு சதுர கஜம் தரை.

எருக்கைக் கேட்டதும் பொருளாளர் முகம் சுளித்தார். "எருக்கு குடியிருப்புக்கு ஆகாதே சார்!" என்றார். வெந்தய வரி வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு எருக்கிலைதான் ஆகாரம் என்றேன். ஒரு டாக்டர் அம்மாள் குறுக்கிட்டு, எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, சின்னக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரி. அதை நானே அடித்துவிட்டேன். மரமேறுவதை அடுத்து அடித்தார்கள். அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் பெரும்பான்மை அந்தப் பக்கம். சும்மா விட்ட நாலு சதுர கஜத்துக்கு ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை; யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை என்று நினைக்கிறேன். கைப்பம்பு எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. பெரியவர்கள் முகத்தில் ஒரு கணம் பழைய வீட்டு முற்றம் வந்து போனதைப் பார்த்தேன்.

மணல்குழியில்தான் பேச்சு நின்றது. இரவில் மூடி போடுவது யார், காலையில் திறப்பது யார், நாய் அசிங்கம் செய்தால் அள்ளுவது யார்? நான் காலை ஆறரைக்கு எப்படியும் நடக்கப் போகிறவன். திறப்பது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன். மாலையில் மூடுவதற்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அடுத்த கூட்டம் வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு.